நோய் அடங்கிய பிறகும் அடங்காத வெட்கம்

கேள்வி: எனக்கு 31 வயது. தனியார் பள்ளி ஆசிரியை. 23 வயதில் பைபோலார் (மனநிலை உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் நோய்) என்று கண்டறிந்தார்கள். இரண்டு முறை மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறேன். ஆறு ஆண்டுகளாக லித்தியம் சாப்பிடுகிறேன், நோய் திரும்பவில்லை. ஆனால் எதைத் தொடப்போனாலும் "நீ பைத்தியம்தானே, உனக்கு எதற்கு இது" என்ற நினைப்பு வந்துவிடுகிறது. துறைத் தலைவர் பொறுப்புக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுக்கவில்லை. வரன் வந்தால் நானே ஏதாவது காரணம் சொல்லித் தட்டிவிடுகிறேன். நோயிலிருந்து மீண்டுவிட்டேன், என்னைப் பற்றிய இந்த எண்ணத்திலிருந்து எப்படி மீள்வது?

பதில்:

மீள முடியும். ஆனால் அறையில் தனியாக உட்கார்ந்து மனத்தைத் தேற்றிக்கொண்டால் மட்டும் முடியாது. உங்களைப் போலவே கேட்கிற பலரோடு மனநலச் சமூகப் பணியாளராக நெடுநாள் இருந்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். இது உங்கள் நோயின் மிச்சமும் அல்ல, உங்கள் சுபாவமும் அல்ல. ஆராய்ச்சியாளர்கள் இதைத் தனியாகவே படித்திருக்கிறார்கள். மனநோய் உள்ளவர்களைப் பற்றி ஊர் வைத்திருக்கும் இழிவான கருத்தை நோயுற்றவரே ஏற்றுக்கொண்டு தன்மேல் சுமத்திக்கொள்வதுதான் இது. இங்கே இதைத் தன்னிழிவு என்று சொல்லிக்கொள்கிறேன். லித்தியம் மனநிலையைச் சமன்செய்யும். தன்னிழிவைக் குறைக்க அதற்குத் தெரியாது.

இது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1989-ல் புரூஸ் லிங்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளரும் அவருடைய குழுவினரும் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். மனநோய் உள்ளவர்களைச் சமூகம் எப்படி நடத்தும், யார் அவர்களுக்கு வேலை கொடுப்பார்கள், யார் பெண் கொடுப்பார்கள் என்பதையெல்லாம் நாம் எல்லோருமே குழந்தைப் பருவத்திலேயே கற்றுக்கொள்கிறோம். அப்போது அது யாரோ ஒருவரைப் பற்றிய செய்தி. நம்மைத் தொடாது. நமக்கே நோய் என்று மருத்துவர் சொல்லும் நாளில், அத்தனை காலம் சும்மா கிடந்த அந்தப் பாடம் நம் பக்கம் திரும்புகிறது. அதற்குப் பிறகு யாரும் நம்மை அவமதிக்கவே வேண்டியதில்லை. அவமதிப்பார்கள் என்ற எதிர்பார்ப்பே போதும்.

நம் ஊரில் இந்தப் பாடம் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். சென்னையில் வளர்ந்த பிள்ளைக்கு "கீழ்ப்பாக்கம்" என்றால் என்ன கேலி என்று ஒன்றாம் வகுப்பிலேயே தெரியும். தெற்கே "ஏர்வாடி". இலங்கையில் "அங்கொடை". 1794-ல் தொடங்கி இன்றுவரை லட்சக்கணக்கானோருக்கு வைத்தியம் பார்த்த ஒரு மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கம், நம் வாயில் வசவாகிவிட்டது. தெருவில் அழுக்குத் துணியோடு நடப்பவர்மேல் பிள்ளைகள் கல்லெறிந்தபோது அதட்டாத பெரியவர்கள் எத்தனை பேர்! சினிமாவில் மருத்துவமனைக் காட்சி வந்தாலே சிரிக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லித்தரப்பட்டது. "பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்" என்று பழமொழியே இருக்கிறது. உங்களுக்கு நோய் வந்தது 23 வயதில். தீர்ப்பு எழுதப்பட்டது அதற்கு வெகுகாலம் முன்பு. உங்களைத் தெரியாதவர்கள், உங்களைப் பார்ப்பதற்கு முன்பே எழுதியது. அது உங்களைப் பற்றிய உண்மையாக இருக்க வழியே இல்லை.

இதை அறிவால் ஒப்புக்கொள்வீர்கள். மனம் ஒப்புக்கொள்ளாது. ஏன் என்று சிகாகோவைச் சேர்ந்த உளவியலாளர் பாட்ரிக் காரிகன் படிப்படியாக விளக்கியிருக்கிறார். முதல் படி, ஊர் என்ன நினைக்கிறது என்று தெரிந்திருப்பது. அடுத்தது, ஊர் சொல்வது சரிதான் என்று உடன்படுவது. மூன்றாவது, "நானும் அப்படித்தான்" என்று தனக்குப் பொருத்திக்கொள்வது. அதன் பிறகுதான் சுயமதிப்பு சரிகிறது. அது சரிந்த பிறகு "முயன்றுதான் என்ன ஆகப்போகிறது" என்ற இடத்துக்கு வந்துசேர்கிறோம். துறைத் தலைவர் பொறுப்பில் நீங்கள் நிற்பது அங்கேதான். முதல் படியை நீக்க உங்களால் முடியாது. ஊர் நினைப்பது உங்களுக்குத் தெரியத்தான் செய்யும். கடைசிப் படியில் நின்று "எனக்குத் தன்னம்பிக்கை வேண்டும்" என்று மல்லுக்கட்டுவதும் வீண். வெட்ட வேண்டியது இரண்டாம் படியில், அந்த உடன்பாட்டில். நீங்கள் உங்களைப் பற்றி நினைப்பதை ஒரு நிமிடம் ஒதுக்கிவிட்டு, ஓபியில் (வெளிநோயாளர் பிரிவில்) உங்கள் பக்கத்தில் சீட்டோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர் பதவி உயர்வு கேட்கக் கூடாதா? அவர் திருமணம் செய்துகொள்ளக் கூடாதா?

இந்தக் கேள்வியை நானாக எடுத்துவிடவில்லை. தன்னிழிவை அளக்க 2003-ல் வெளியான, இன்று பல மொழிகளில் பயன்படும் ஓர் அளவுகோல் இருக்கிறது. அதில் 29 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த அளவுக்கு உடன்படுகிறோம் என்று குறிக்க வேண்டும். மனநோய் உள்ளவர்கள் திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்பது அதில் ஒரு வாக்கியம். மனநோய் இருந்தாலும் நல்ல, நிறைவான வாழ்க்கை வாழ என்னால் முடியும் என்பது இன்னொன்று. முதலாவதைக் கண்டு கோபப்பட்டு அடித்துவிட்டு, இரண்டாவதில் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி யோசிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மற்றவருக்கு நியாயம் வழங்க நமக்குத் தெரிகிறது. நமக்கே வழங்கிக்கொள்ளும்போதுதான் கை நின்றுவிடுகிறது.

உங்களிடம் "நோயை ஏற்றுக்கொள்" என்று பலர் சொல்லியிருப்பார்கள். மருத்துவர்கள் இதை இன்சைட் என்பார்கள். நல்ல நோயாளியின் அடையாளமாகக் கருதுவார்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலரும் பேசாத சிக்கல். தனக்கு நோய் இருக்கிறது என்று தெளிவாக அறிந்தவர்களிடம் மனச்சோர்வும் நம்பிக்கையின்மையும் அதிகம் காணப்படுவது ஆராய்ச்சியாளர்களை நெடுநாள் குழப்பியது. 2007-ல் லைசேக்கர், ரோ, யானோஸ் மூவரும் ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) உள்ளவர்களிடம் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். நோயை அறிந்து, கூடவே இழிவையும் ஏற்றுக்கொண்டவர்களிடம்தான் நம்பிக்கையும் சுயமதிப்பும் மிகவும் தாழ்ந்திருந்தன. நோயை அறிந்தும் இழிவை ஏற்காதவர்கள் அப்படி நொறுங்கிப்போகவில்லை. ஆக, "எனக்கு பைபோலார் இருக்கிறது" என்பதும் "நான் எதற்கும் லாயக்கில்லை" என்பதும் இரண்டு வேறு வாக்கியங்கள். யாரோ இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி உங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். ஆறு ஆண்டுகள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் லித்தியம் அளவு பார்த்து, தைராய்டும் சிறுநீரகமும் சோதித்து, பள்ளிக்கும் போய்க்கொண்டிருக்கிற நீங்கள் முதல் வாக்கியத்தை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். இரண்டாவதை ஏற்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

"இது சர்க்கரை நோய் மாதிரிதான்" என்ற ஆறுதலையும் கேட்டிருப்பீர்கள். நல்லெண்ணத்தோடு சொல்வதுதான். பழி குறையும் என்பதும் உண்மை. "நீயாக வரவழைத்துக்கொண்டாய்" என்று சொல்வது நிற்கும். ஆனால் மூளைக் கோளாறு, மரபணு என்று மட்டுமே விளக்கிக்கொண்டு போனால், "அப்படியானால் இது மாறவே மாறாது" என்ற அவநம்பிக்கை கூடுவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் நான் அதை அளவோடுதான் சொல்வேன். நோய் எதனால் வந்தது என்ற விளக்கத்தைவிட, வந்தவர்கள் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்ற தகவல் தன்னிழிவின்மேல் கூடுதலாக வேலை செய்கிறது.

அந்தத் தகவல் இருக்கிறது. மனநோய்களிலேயே கடுமையானதாகக் கருதப்படும் ஸ்கிசோஃப்ரினியாவையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில மருத்துவமனையில் பல ஆண்டுகள் அடைபட்டிருந்து, 1950களில் மறுவாழ்வுத் திட்டத்தின் மூலம் வெளியே வந்த 269 நோயாளிகளை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் தேடிப் பார்த்தார்கள். கர்ட்னி ஹார்டிங் குழுவினர் 1987-ல் வெளியிட்ட முடிவின்படி, அவர்களில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கினர் நன்றாகத் தேறியிருந்தார்கள் அல்லது மீண்டிருந்தார்கள். தேறவே மாட்டார்கள் என்று கைவிடப்பட்டவர்கள் அவர்கள். நம் சென்னையிலேயே 1980களின் தொடக்கத்தில் முதன்முறையாக நோயுற்ற 90 பேரை டாக்டர் தாரா உள்ளிட்டோர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். பத்தாண்டு முடிவில் தொடர்ந்து பார்க்க முடிந்தவர்களில் பெரும்பான்மையோர் நல்ல நிலையில் இருந்தார்கள். வேலைக்குப் போனவர்களும் குடும்பம் நடத்தியவர்களும் நிறைய. இவ்வளவு இருந்தும் ஊர் நினைப்பு ஏன் மாறவில்லை?

ஏனென்றால் மீண்டவர்கள் கண்ணில் படுவதில்லை. மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்கே இந்த மயக்கம் உண்டு. தேறியவர் மாதம் ஒருமுறை வந்து, ஐந்து நிமிடத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடிவிடுவார், அல்லது வருவதே நின்றுபோகும். தேறாதவர் வார்டிலேயே இருப்பார். நாளெல்லாம் வார்டில் நிற்கிற நர்சுக்கும் மருத்துவ மாணவருக்கும் "இந்த நோய் வந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான்" என்று தோன்றுவது இயல்பு. தெருவிலும் அதே கதை. அழுக்குத் துணியோடு நடப்பவர் எல்லோர் கண்ணிலும் படுகிறார். கரும்பலகை முன் நின்று பாடம் நடத்துகிற உங்களை யாரும் மனநோயாளியாகக் கணக்கெடுப்பதில்லை. நீங்களும் உங்களைப் போன்ற இன்னொருவரைப் பார்த்ததில்லை. அவரும் உங்களைப் போலவே ஒளித்துவைத்திருக்கிறார்.

இந்த ஒளித்தலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். தன்னிழிவு தினந்தோறும் தீனி தின்பது இங்கேதான். எனக்குத் தெரிந்த ஒரு பெண், திருமணமானவர், இரவு மாத்திரை அட்டையைப் பிய்க்கும் சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாது என்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சாப்பிடுவார். ஒருவர் மாத்திரைகளையெல்லாம் உரித்து வைட்டமின் டப்பாவில் போட்டுவைத்திருப்பார். எது காலை மாத்திரை, எது இரவு மாத்திரை என்று ஒருமுறை குழம்பியும் போனார். தெருமுனையில் மருந்துக்கடை இருக்க, பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போய் வாங்குகிறவர்கள் ஏராளம். மருத்துவமனைக் கோப்பைத் துணிக்கடைப் பைக்குள் வைத்து, பெயர் உள்பக்கம் இருக்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு நடப்பவர்களை எந்த ஓபி வாசலிலும் பார்க்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லலாம், வேலை போகலாம். பயம் கற்பனை அல்ல. ஆனாலும் ஒவ்வொரு முறை மறைக்கும்போதும் "இது வெட்கப்பட வேண்டியதுதான்" என்று நம் கைகளே நமக்குப் பாடம் எடுக்கின்றன. லிங்க் குழுவினர் 1991-ல், மறைத்துவைப்பதும் ஒதுங்கிக்கொள்வதும் நோயாளிகளை இழிவின் பாதிப்பிலிருந்து காப்பாற்றுகின்றனவா என்று ஆராய்ந்தார்கள். காப்பாற்றவில்லை.

அதற்காக நாளைக் காலை பள்ளி இறைவணக்கக் கூட்டத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்துச் சொல்லுங்கள் என்று கூற மாட்டேன். மறைத்தலுக்கும் பறைசாற்றலுக்கும் இடையில் நிறையப் படிகள் இருக்கின்றன. காரிகன் ஐந்தாகப் பிரிக்கிறார்: தெரிந்துவிடக்கூடிய இடங்களுக்கே போகாமல் தவிர்ப்பது, போனாலும் ரகசியம் காப்பது, தேர்ந்தெடுத்த சிலரிடம் மட்டும் சொல்வது, மறைக்க முயலாமல் இயல்பாக இருப்பது, ஊரறியப் பேசுவது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு வருவதே பெரிய விடுதலை. பெரும்பாலோர் அங்கேயே நின்றுவிடலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை. இப்படி யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்று கூடிப் பேசித் தீர்மானிக்கும் மூன்றே அமர்வுகள் கொண்ட ஒரு பயிற்சியை காரிகனும் நிக்கோலஸ் ரூஷும் உருவாக்கினார்கள். சுவிட்சர்லாந்தில் சோதித்தபோது, இழிவு தரும் மன அழுத்தம் குறைந்திருந்தது.

ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கு நான் சொல்லும் வழி இது. முதலில் உங்கள் நோயைச் சொல்லாதீர்கள். செய்தியில் வந்த ஒருவரைப் பற்றி, மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்ததாகச் சொன்ன ஒரு விளையாட்டு வீரரைப் பற்றி, பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பாருங்கள். எதிரே இருப்பவர் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். "பாவம், இப்போது பரவாயில்லையா?" என்பவர் ஒரு ரகம். "எல்லாம் கொழுப்பு" என்பவர் இன்னொரு ரகம். முதல் ரகத்தவரிடம், அதுவும் உங்கள் மீது ஏற்கெனவே அன்பு உள்ளவரிடம், சிறிதாகத் தொடங்குங்கள். "சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு உடம்பு முடியாமல் போனது. மனம் சம்பந்தப்பட்டது. இப்போதும் மருந்து சாப்பிடுகிறேன், நன்றாக இருக்கிறேன். உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது" என்றால் போதும். மருத்துவமனையில் கழித்த இரவுகள், உச்ச மனநிலையில் செய்த செலவு, பேசிய பேச்சு எதையும் யாருக்கும் ஒப்பிக்க வேண்டியதில்லை. ஒருமுறை சொன்னதைத் திரும்பப் பெற முடியாது என்பதால் முழுதாக நலமாக இருக்கும் நாளில் மட்டும் சொல்லுங்கள். மனம் துள்ளும் நாளிலும் சொல்ல வேண்டாம், துவளும் நாளிலும் சொல்ல வேண்டாம்.

வீட்டாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. "வெளியில் யாரிடமும் சொல்லாதே" என்று முதலில் சொன்னது அநேகமாக உங்கள் அம்மாவாக இருக்கும். அவருக்கும் அவமானம் பூசப்பட்டிருக்கிறது. "எப்படி வளர்த்தாளோ" என்ற பேச்சு அவர் காதில் விழுந்திருக்கும். அவர் பயத்தை மதியுங்கள். ஆனால் எதை யாரிடம் சொல்வது என்ற முடிவு 31 வயதில் உங்களுடையது.

இனி, எல்லாவற்றையும்விட வேலை செய்யும் மருந்து: உங்களைப் போன்ற மற்றவர்கள். அறிவுரை செய்யாததை, நலமாக வாழும் இன்னொரு பைபோலார்காரர் டீ குடித்துக்கொண்டே பேசும் அரைமணி நேரம் செய்துவிடும். ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் உரகாவா என்ற சிறு மீன்பிடி ஊரில், 1984-ல் தொடங்கிய பெத்தேல் இல்லம் என்ற ஒரு கூட்டுவாழ்வு இருக்கிறது. மனநோய் உள்ளவர்கள் சேர்ந்து வாழ்ந்து, கடற்பாசியைப் பொட்டலம் கட்டி விற்று, தொழில் நடத்துகிறார்கள். 2001 முதல் அவர்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒருவர் தன் தொல்லையை எல்லோர் முன்னும் வைப்பார், மற்றவர்கள் ஆராய்ச்சியாளர்களைப் போல அதை அலசுவார்கள். எப்போது வருகிறது, எதனால் தணிகிறது, அடுத்த முறை என்ன செய்து பார்க்கலாம் என்று பலகையில் எழுதிப் பேசுவார்கள். தன் நோய்க்குத் தானே பெயர் வைத்துக்கொள்வதும் உண்டு. ஒருவரை அழுத்திக்கொண்டிருந்த ரகசியம் அங்கே கூட்டாகப் படிக்கும் பாடமாகிவிடுகிறது. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல.

நம் பக்கம் அவ்வளவு பெரிதாக வேண்டாம். உங்கள் மருத்துவரிடமோ அங்குள்ள சமூகப் பணியாளரிடமோ "நலமாக இருக்கிற, பேசச் சம்மதிக்கிற யாராவது இருக்கிறார்களா" என்று கேளுங்கள். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப், 1993-ல் தொடங்கிய பான்யன் போன்ற அமைப்புகள் நோயாளிகளோடும் குடும்பங்களோடும் நெடுங்காலமாக வேலை செய்கின்றன. அங்கே கேட்டால் வழி சொல்வார்கள். கூட்டம் பயமாக இருந்தால் ஒருவர் போதும். உங்களுக்கு இன்னொரு முன்னோடியும் இருக்கிறார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன், பைபோலார் ஆராய்ச்சியில் உலகம் அறிந்தவர். தமக்கும் அதே நோய் இருப்பதையும் லித்தியம் எடுத்துக்கொள்வதையும் 1995-ல் வெளிப்படையாகச் சொன்னார். அதுவரை அவருக்கும் பயம் இருந்தது, தொழில் போய்விடும் என்ற பயம். போகவில்லை.

கோபத்துக்கும் இதில் இடம் இருக்கிறது. ஒரே இழிவைச் சந்திக்கும் மூவரில் ஒருவர் நொறுங்குகிறார், ஒருவர் கண்டுகொள்ளாமல் போகிறார், ஒருவர் கொதிக்கிறார். ஏன் இந்த வித்தியாசம் என்று காரிகனும் ஏமி வாட்சனும் 2002-ல் கேட்டார்கள். இழிவு நியாயமானது என்று ஒப்புக்கொள்கிறவர் நொறுங்குகிறார். அநியாயம் என்று கண்டு, தன்னைப் போன்றவர்களோடு தன்னை இணைத்துக்கொள்கிறவர் கொதிக்கிறார். அவருடைய சுயமதிப்பு சரிவதில்லை. நமக்குக் கொதிக்கக் காரணம் இல்லையா? 2001 ஆகஸ்ட் 6 விடியலில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது 28 பேர் கருகி இறந்தார்கள். ஓட முடியவில்லை, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். அவர்களும் யாரோ ஒருவரின் மகள், தம்பி, மனைவி. அவர்களை "நம்மவர்கள்" என்று நினைத்துப் பாருங்கள். வெட்கப்பட வேண்டியது யார் என்ற கேள்வி தானாக இடம் மாறும்.

சட்டமும் உங்கள் பக்கம் நகர்ந்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிகளைச் சங்கிலியில் கட்டுவதைத் தடைசெய்கிறது. உங்களுக்கு இன்னும் நெருக்கமான வரிகள் அதன் மூன்றாம் பிரிவில் இருக்கின்றன. முன்பு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார் என்ற ஒரே காரணத்தால் ஒருவருக்கு இப்போதோ இனிமேலோ மனநோய் இருப்பதாகத் தீர்மானிக்கக் கூடாது. மனநோய் உண்டு என்று தீர்மானித்தாலும், நீதிமன்றம் அறிவிக்காதவரை அவரைச் சித்த சுவாதீனமற்றவராகக் கொள்ளக் கூடாது. "நீ பைத்தியம்தானே" என்று உள்ளே எழும் நினைப்புக்கு நாடாளுமன்றமே எழுதிவைத்த பதில் என்று இதை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையும் இதே சட்டத்தில் உண்டு. வேலை விஷயத்தில், 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மனநலக் குறைபாடுள்ள ஒரு துணை ராணுவ அதிகாரி மீது எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கையை மறைமுகப் பாகுபாடு என்று கூறியது.

மாத்திரை பற்றி இதில் ஓர் எச்சரிக்கை. தன்னிழிவு செய்யும் ஆகப் பெரிய சேதம், "மாத்திரை சாப்பிடும்வரை நான் நோயாளி, நிறுத்திவிட்டால் நார்மல்" என்ற கணக்கு. வரன் பார்க்கத் தொடங்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் சில மாதங்களுக்குள்ளேயே நோய் பாய்ந்து திரும்பும் ஆபத்து அதிகம். யார் எவ்வளவு அன்போடு சொன்னாலும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

திருமணத்தைப் பொறுத்தவரை, செய்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது உங்கள் விருப்பம். வேண்டாம் என்பது விருப்பமாக இருக்கட்டும், தண்டனையாக இருக்க வேண்டாம். வேண்டும் என்றால், நிச்சயத்துக்கு முன்பே, பெற்றோர் மூலமாக அல்லாமல், மாப்பிள்ளையாக வரப்போகிறவரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். விரும்பினால் உங்கள் மருத்துவரைச் சேர்ந்து சந்திக்கலாம். குழந்தை பெற்றுக்கொள்வதாக இருந்தால் மருந்தை எப்படி மாற்றியமைப்பது என்பதையும் அங்கேயே பேசிவிடலாம். இந்து திருமணச் சட்டத்தில் மனநோய் பற்றிய பிரிவுகள் உண்டு. ஆனால் மணமுறிவுக்கு நோய் இருப்பது மட்டுமே போதாது, அது எந்த அளவுக்கு என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது. 2013-ல், ஸ்கிசோஃப்ரினியா என்று காரணம் காட்டி மருத்துவரான மனைவியிடமிருந்து கணவர் கேட்ட மணமுறிவை மறுத்தது. சட்டத்தில் உண்மையான ஆபத்து, மறைத்துச் செய்யும் கல்யாணத்தில்தான். பின்னால் அதை ஏமாற்று என்று வாதிட இடம் கொடுத்துவிடும். சொன்னால் சில வரன்கள் போகும். போகட்டும். குளியலறைக் குழாயைத் திறந்துவைத்து மாத்திரை சாப்பிடும் வாழ்க்கையைவிட அந்த இழப்பு சிறியது.

ஒரு விஷயத்தை மட்டும் தவறவிடாதீர்கள். உங்களை நீங்களே பழிக்கும் எண்ணம் வழக்கத்தைவிடத் திடீரென்று கனத்தால், அதோடு தூக்கம் கெட்டால், எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால், சாவைப் பற்றிய நினைப்பு வந்தால், அது தன்னிழிவு அல்ல, மனச்சோர்வு திரும்புவதாக இருக்கலாம். அப்போது இந்தப் பதிலையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். இரவானால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழைக்கலாம். இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

அந்தப் பொறுப்புக்கு வருவோம். இடம் இன்னும் காலியாக இருந்தால் இந்த வாரமே எழுதிக் கொடுங்கள். தைரியம் வந்த பிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள்; இந்த விஷயத்தில் செயல் முதலில், தைரியம் பிறகு. விண்ணப்பத்தில் உங்கள் நோயைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம், அதை யாரும் கேட்கவில்லை. எத்தனை ஆண்டு அனுபவம், எந்தெந்த வகுப்பு, தேர்ச்சி எப்படி என்பதை எழுதுங்கள். கிடைக்காவிட்டால் ஏன் கிடைக்கவில்லை என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் காரணம் வேறு ஏதாவதாக இருக்கும். கிடைத்தால், தேர்வுக் காலத்தில் வேலை இரவுவரை நீளும், தூக்கம் குறையும். பைபோலாருக்குத் தூக்கம் முக்கியம் என்பதால் இரவு எத்தனை மணிக்கு எல்லாவற்றையும் மூடிவைப்பது என்று இப்போதே மருத்துவரோடு பேசி முடிவு செய்துவிடுங்கள்.